தீவன மேடை: ஃபிலிம் சுற்றிய தீவனக் கட்டில் பூஞ்சை ஏன் வருகிறது?

கேள்வி: அண்ணா, வணக்கம். எனக்கு ஆறு கறவை மாடுகள். ஒரு ஏக்கர் மக்காச்சோளத்தை வெட்டி, வாடகை மெஷினில் உருளைக் கட்டாக்கி பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றி வைத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் மூன்றில் ஒரு கட்டில் வெள்ளைப் பூஞ்சை. மெஷின்காரர் நாலு அடுக்கு சுற்றியதாகச் சத்தியம் செய்கிறார். ஃபிலிம் மட்டமா, மெஷின் கோளாறா?
— ஒரு வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: தம்பி, பூஞ்சை கட்டில் எந்த இடத்தில் இருந்தது என்று எழுதவில்லையே. அதுதான் முதல் தடயம். ஒரே இடத்தில் கையகலம் இருந்தால் அங்கே ஓட்டை விழுந்திருக்கிறது. வளைந்த பக்கம் முழுக்கத் தோல் மாதிரி படர்ந்திருந்தால் அடுக்கு போதவில்லை. உள்ளே நடுவிலேயே இருந்தால் கட்டு இறுகவில்லை, அல்லது பயிர் அதிகம் காய்ந்துவிட்டது. நுண்ணுயிர்கள் காற்றில்லாமல் சர்க்கரையைப் புளிக்க வைத்தால்தான் தீவனம் ஊறி சைலேஜ் ஆகும். காற்று உள்ளே போனால் பூஞ்சைக்குச் சாப்பாடு போட்ட மாதிரி.

அடுத்த கட்டைப் பிரிக்கும் முன்னால் ஒன்று செய்து பாருங்கள். வளைந்த பக்கத்தின் நடுவில், தீப்பெட்டி அளவுக்கு பிளேடால் நாலு பக்கமும் கீறி ஃபிலிமை எடுங்கள். நிழலில் உட்கார்ந்து, ஒரு மூலையை நகத்தால் நெருடிப் பிரித்து எண்ணுங்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் எளிதில் வராது, பொறுமை வேண்டும். மூன்று நான்கு இடங்களில் இப்படி எடுத்துப் பாருங்கள். நான் வடலூர் பக்கம் இதே மாதிரி மெஷினை வாடகைக்கு ஓட்டுகிறேன். முதல் வருஷம் நானும் நாலு அடுக்கு என்றுதான் வாடிக்கையாளர்களிடம் சொன்னேன். ஒரு பெரியவர் பூஞ்சைக் கட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தபோது இப்படி உரித்து எண்ணினேன். ஒரு இடத்தில் நாலு, ஒரு சாண் தள்ளி இரண்டு. அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அடுக்கு விஷயத்தில் மெஷின் காட்டும் எண்ணை நம்புவதில்லை.

நடந்தது இதுதான். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் பாதி அகலத்துக்கு ஏற வேண்டும். ஃபிலிம் உருளை, கட்டின் நடு உயரத்துக்கு நேராக நிற்க வேண்டும். என்னுடையது நான்கு விரல் கீழே இறங்கி இருந்தது. அதனால் ஓர் இடத்தில் நெருக்கம், ஓர் இடத்தில் இடைவெளி. போல்ட்டைத் தளர்த்தி ஏற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சுற்றை இப்படி எண்ணுங்கள். கட்டு முழுக்க மூடி, பயிர் எங்கும் கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை எத்தனை சுற்று? எட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒன்று கூட்டி ஒன்பது. பாதிக்குப் பாதி ஏறுவதால் ஒன்பது சுற்றில் எங்கும் இரண்டு அடுக்கு ஆகிறது. நாலு அடுக்குக்கு பதினெட்டு, ஆறு அடுக்குக்கு இருபத்தேழு. கட்டின் அளவு மாறினால் இந்த எண்ணும் மாறும். நேற்று கட்டிய சோளத்துக்கு வைத்த எண்ணை இன்று கொஞ்சம் பருத்த கட்டுக்கு வைத்தால் அடுக்கு குறையும். நம் ஊர் வெயிலுக்கும், மக்காச்சோளத் தட்டையின் குத்தலுக்கும் நான் இப்போது ஆறு அடுக்குக்குக் குறைந்து சுற்றுவதே இல்லை. ஃபிலிம் செலவு ஒன்றரை மடங்கு ஆகும், உண்மைதான். ஒரு கட்டுத் தீவனத்தைக் குப்பையில் கொட்டுவதை நினைத்தால் அது பெரிய செலவில்லை.

அப்புறம் இழுவை. இந்த ஃபிலிம் 25 மைக்ரான் கனம். ரோலர் அதை இழுத்து நீட்டித்தான் சுற்றும். இழுபட்ட ஃபிலிம் சுருங்கப் பார்ப்பதால்தான் கட்டை இறுகப் பிடிக்கிறது. பொதுவாக 70 சதவீதம் இழுக்க வேண்டும். சரிபார்க்க, ரோலருக்குள் போகும் முன் ஃபிலிமில் பேனாவால் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். கட்டின் மேல் வந்ததும் தையல் டேப்பை வைத்தால் 17 செ.மீ. இருக்க வேண்டும். அகலத்தையும் பாருங்கள்: 250 மி.மீ. ஃபிலிம் கட்டின் மேல் ஏறத்தாழ 200 மி.மீ. இருக்கும். அதைவிட ஒடுங்கினால் அதிகமாக இழுக்கிறது, ஃபிலிம் மெலிகிறது, ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் குறைகிறது. சித்திரை வெயிலில் ஃபிலிம் இளகிப்போய் இன்னும் ஒடுங்கும். அந்த மாதங்களில் இழுவையை 55 சதவீதத்துக்கு இறக்குகிறேன், ஃபிலிம் உருளைகளை டிராக்டர் மேல் காயப்போடாமல் நிழலில் வைக்கிறேன். ரோலரில் பசை படிந்து அழுக்கேறினால் வழுக்கி இழுவை கெடும். தினமும் துடைக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்து, கட்டு தொளதொளவென்று இருந்தால் பயனில்லை. பயிரை இரண்டு மூன்று செ.மீ. துண்டாக வெட்டி, மணி பால் கட்டி மாவாகும் பருவத்தில், ஈரம் 65 முதல் 70 சதவீதம் இருக்கும்போது கட்டுங்கள். கட்டிய சில மணி நேரத்துக்குள் ஃபிலிம் ஏற வேண்டும். ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்த கட்டுக்குள் காலையில் கையை விட்டுப் பாருங்கள், சுடும். அந்தச் சூட்டில் எரிவது புளிக்க வேண்டிய சர்க்கரை.

கேள்வி: பேக்கிங் கடையில் விற்கும் ஃபிலிம் விலை குறைவாக இருக்கிறதே, அதைச் சுற்றலாமா ஐயா?
— ஒரு வாசகி, பண்ருட்டி

பதில்: வேண்டாம் அம்மா. அது பெட்டி கட்டுகிற சாமான், வெயில் தாங்கும் மருந்து அதில் கிடையாது. சைலேஜ் ஃபிலிமில் அது கலந்திருக்கும். நானும் ஒரு முறை ஆசைப்பட்டு வாங்கினேன். வைகாசி முடியும்போது விரலால் அழுத்தினாலே அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒட்டும் டேப்பும் அப்படித்தான், சைலேஜுக்கென்றே வரும் டேப்பைக் கேட்டு வாங்குங்கள். கட்டைக் கட்ட எண்ணெய் பூசிய நார்க்கயிறு போடாதீர்கள், அந்த எண்ணெய் ஃபிலிமைக் கெடுக்கும். நெட் அல்லது பிளாஸ்டிக் கயிறு போதும்.

கேள்வி: தைப்பூசத்தை ஒட்டி எங்களுக்குச் சம்பா அறுவடை. பச்சையாகக் கிடக்கும் வைக்கோலை உடனே உருளையாக்கி ஃபிலிம் சுற்றினால் என்ன?
— ஒரு வாசகர், பாகூர்

பதில்: செய்யலாம், ஆனால் வைக்கோலில் சர்க்கரை குறைவு. வெறுமனே சுற்றினால் புளிக்காமல் நாறிப்போகும். 100 கிலோவுக்கு 2 கிலோ சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்துக் கட்டுங்கள். காய்ந்த வைக்கோலாக இருந்தால் வேறு வழி: 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைப்பது. பிரித்ததும் காரநெடி போக ஆறவிட்டுத்தான் போட வேண்டும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கூடவே கூடாது. அளவில் சந்தேகம் இருந்தால் குரும்பாபேட்டில் உங்கள் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறதே, ஒரு நடை போய்க் கேளுங்கள். இன்னொன்று: வயலிலேயே ஃபிலிம் சுற்றி உருட்டாதீர்கள். அறுத்த தாள்கள் ஊசி மாதிரி நிற்கும். கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, வைக்கப் போகும் இடத்தில் சுற்றுங்கள்.

கேள்வி: ஃபிலிம் சுற்றிய கட்டுகளை முந்திரிக் கொல்லையில் நிழலுக்கு அடுக்கி வைத்திருக்கிறோம். சரிதானே?
— ஒரு வாசகர், நடுவீரப்பட்டு

பதில்: நிழல் நல்லதுதான், மரத்தடி நல்லதில்லை. சுள்ளி விழும், காகம் உட்கார்ந்து கொத்தும், வேருக்குள் எலி வளை இருக்கும். மரத்தை விட்டு நாலு எட்டுத் தள்ளி, மேடான இடத்தில் மணல் பரப்பி வையுங்கள். 2015 வெள்ளத்தில் என் வைக்கோல் போர் ஊறி அழுகியதைப் பார்த்த பிறகுதான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன், அதனால் மேடு என்று அழுத்திச் சொல்கிறேன். கட்டைப் படுக்க வைக்காமல், தட்டையான முகம் தரையில் படும்படி நிமிர்த்தி வையுங்கள். சுற்றும்போது முகப்பில்தான் ஃபிலிம் அதிகம் குவிகிறது, தரையை அதுதான் தாங்கும். மேலே பழைய மீன்வலை போட்டால் காகம் கிட்டே வராது. தேவனாம்பட்டினத்தில் கிழிந்த வலை சும்மாவே கிடைக்கும். வாரம் ஒரு முறை சுற்றி வந்து, ஓட்டை தெரிந்தால் அங்கேயே துடைத்து, ஈரம் காய்ந்ததும் டேப் ஒட்டுங்கள். ஈரத்தில் பிடிக்காது.

கட்டு ஊற முப்பது நாற்பது நாள் ஆகும். பிரித்தால் புளித்த மாவு வாசனை வர வேண்டும். பிரித்த கட்டை ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள். பூஞ்சை இருந்தால் சினை மாட்டுக்குக் கொஞ்சம்கூட வேண்டாம். கழற்றிய ஃபிலிமையும் நெட்டையும் அப்போதே சாக்கில் போட்டுக் கட்டிவிடுங்கள். தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தால் மாடு தீவனத்தோடு சேர்த்து விழுங்கிவிடும்.