வாசகர் கேள்வி: ஹான் டாங் மீதான இரு புகார்கள்

கேள்வி: கனடா நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஹான் டாங், சீனாவுக்குச் சாதகமாகச் செயல்பட்டார் என்ற புகார் கடைசியில் என்ன ஆயிற்று?
– வாசகர், மதுரை

பதில்: அவரைச் சுற்றி எழுந்தவை இரண்டு தனித்தனிப் புகார்கள். ஷாங்காயில் பிறந்து, 13 வயதில் டொராண்டோவில் குடியேறிய டாங், 2014-இல் ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றத்துக்கும், 2019-இல் டான் வேலி நார்த் தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2018 டிசம்பரில் சீனா கைது செய்த மைக்கேல் கோவ்ரிக், மைக்கேல் ஸ்பேவர் என்ற இரு கனடியர்களின் விடுதலையைத் தள்ளிப்போடுமாறு, 2021 பிப்ரவரியில் டொராண்டோவிலுள்ள சீனத் துணைத் தூதரிடம் அவர் யோசனை சொன்னதாக, பெயர் வெளியிடாத வட்டாரங்களை ஆதாரமாகக் கொண்டு 2023 மார்ச்சில் குளோபல் நியூஸ் செய்தி வெளியிட்டது. சொந்த நாட்டவர் சிறையில் வாடும்போது ஒரு மக்கள் பிரதிநிதி மீது இதைவிடக் கொடிய பழி இருக்க முடியாது. அன்றே அவர் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து விலகினார்; மறுநாள், கனடியத் தேர்தல்களில் வெளிநாட்டுத் தலையீடு குறித்துப் பொது விசாரணை கோரிய தீர்மானத்தை அதுவரை தம்முடன் இருந்த லிபரல் உறுப்பினர்கள் எதிர்த்தபோதும் அதை ஆதரித்து வாக்களித்தார். அத்தலையீட்டைப் பின்னர் விசாரித்த நீதிபதி மேரி-ஜோசே ஹோக் ஆணையத்தின் 2025 ஜனவரி இறுதி அறிக்கை, இரகசியத் தகவல்கள் டாங்கின் மறுப்பையே உறுதிப்படுத்துகின்றன என்று தெளிவாகக் கூறியது. அதற்குள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. 2025 தேர்தலில் அவர் போட்டியிடவில்லை.

கேள்வி: அப்படியானால் சீனத் தலையீடு என்பதே கட்டுக்கதையா?
– வாசகர், கோவை

பதில்: இல்லை. இரண்டாவது புகார் அதைப் பற்றியதே. 2019-இல் டாங்கை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்த உட்கட்சி வாக்கெடுப்புக்கு, சீனாவிலிருந்து படிக்க வந்த மாணவர்கள் பேருந்தில் அழைத்து வரப்பட்டனர். தொகுதியில் வசிப்பதாகக் காட்டப் போலி ஆவணங்கள் தரப்பட்டன, டாங்குக்கு வாக்களிக்காவிட்டால் விசாவுக்கு ஆபத்து என்று துணைத் தூதரகம் மிரட்டியது என்றெல்லாம் உளவுத் தகவல்கள் கூறின. இதில் சீனத் தலையீடு இருந்ததாகச் சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு என்றே ஹோக்கின் 2024 மே அறிக்கையும் கருதியது. அந்த மாணவர்களைப் பள்ளிக்கே சென்று சந்தித்து ஆதரவு கேட்டதை, ஆணையத்தின் முன் சாட்சியம் அளிக்கும் வேளையில்தான் டாங் வெளியிட்டார். முன்பே சொல்லியிருந்தால் அவர் மீதான நம்பிக்கை கூடியிருக்கும். ஆயினும் பெரும் பழி கட்சி விதியையே சேரும். 14 வயது நிறைந்து தொகுதியில் வசித்தால் போதும், குடியுரிமை இல்லாதவரும் கட்சியில் சேர்ந்து வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதே அன்றைய விதி. கட்சித் தலைவர் தேர்தலில் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுமே வாக்களிக்கலாம் என்ற கட்டுப்பாட்டை அக்கட்சி 2025 ஜனவரியில் கொண்டுவந்தது. வேட்பாளர் தேர்வுக்கு அது 2019-க்கு முன்பே வந்திருக்க வேண்டும்.