தவணையும் மேட்டூர்த் தண்ணீரும்

கேள்வி: வாழைநாரில் பை, பாய் செய்யும் தொழில் தொடங்க நினைக்கிறேன். மண்ணைக் கெடுக்காத தொழில்கள் வெளிநாடுகளில் செழிக்கின்றன. நம் பக்கத்தில் இரண்டாம் வருடமே பூட்டு விழுகிறது. முதல் இல்லாததுதான் காரணமா?
– ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: அப்படியென்றால் என்னைத்தான் நீங்கள் திட்ட வேண்டும். தஞ்சை மாவட்டத்து வங்கிக் கிளைகளில் முப்பது ஆண்டுகள் கடன் கொடுத்தவன் நான்.

குறுவைக்காரரைப் பாருங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பது உறுதி என்றால் மே மாதமே விதைநெல்லுக்கு அலைவார். சந்தேகம் என்றால் வயலில் கால் வைக்க மாட்டார். தொழிலும் அப்படித்தான். ஜெர்மனி 2000-ல் ஒரு சட்டம் போட்டது. காற்றாலை, சூரிய ஒளி மின்சாரத்தை வாங்கியே ஆக வேண்டும். கொடுக்கும் விலை 20 ஆண்டுகளுக்கு உறுதி. அந்தத் தாளை மேசையில் வைத்தால் நானே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பணக்கார நாடு என்பீர்கள். கென்யா? 2007-ல் அங்கே கைபேசி வழிப் பணம் வந்தது. அதன் பிறகு குடிசைக்காரர்கூட சூரிய விளக்கு வாங்கி, தினமும் சில்லறையாகத் தவணை கட்ட வழி பிறந்தது. 2017-ல் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தபோது, மீறினால் 4 ஆண்டு வரை சிறை என்றார்கள்.

தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரி 1-ல் வந்தது. அந்த மாதமே ஓர் இளைஞர் பாக்குமட்டைத் தட்டு இயந்திரத்துக்குக் கடன் கேட்டார், கொடுத்தேன். ஆறு மாதம் சமையல்காரர்கள் அவர் வாசலில் காத்துக் கிடந்தார்கள். பிறகு கடைத்தெருவில் பழைய பிளாஸ்டிக் சரக்கு மெல்லத் தலைகாட்டியது. போதாததற்கு, மொத்தமாக வாங்கிய ஒருவர் ஏழு மாதம் பணம் தராமல் இழுத்தடித்தார். இயந்திரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று. குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டியும் சேரும் என்று 2006-லேயே சட்டம் இருக்கிறது. அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, அந்த உறுத்தல் இன்னும் இருக்கிறது.

ஆகவே அம்மா, முதலில் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு செய்யுங்கள், இணையத்தில் இலவசம்தான். இயந்திரத்தின் விலைப்பட்டியலைவிட, வாங்குகிறவர் எழுத்தில் தந்த ஆர்டர்தான் மேலாளரிடம் பேசும். அது தவணைக் காலம் முழுவதற்கும் இருந்தால் இன்னும் நல்லது. தார் வெட்டிய வாழைமரத்தை அப்புறப்படுத்தக் கூலி கொடுக்கும் ஊர் இது, சரக்குக்குக் குறைவில்லை. ஆனால் ஐப்பசி அடைமழையில் நார் காயாது. அந்த மாதத் தவணைக்கு என்ன வழி என்று மேலாளர் கேட்பார். நான் கேட்டிருப்பேன்.