டெக்சஸுக்குப் போகும் முன் வர்ஜீனியாவில் வர வேண்டியதை வாங்குங்கள்

கேள்வி: அமெரிக்கக் கடற்படையில் 22 ஆண்டுகள் பணியாற்றி 2023 இறுதியில் ஓய்வு பெற்றேன். வயது 46. வர்ஜீனியா பீச்சில் 3.5 லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு இருக்கிறது. ஓய்வூதியம் ஆண்டுக்கு 32,000 டாலர், கப்பல் பட்டறை வேலையில் சம்பளம் 70,000 டாலர். படைப்பணியால் ஏற்பட்ட உடல் பாதிப்புக்கான அரசு மதிப்பீடு 30 சதவீதம். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை, சான் அன்டோனியோவுக்கு வந்துவிடுங்கள் என்று மனைவியின் தம்பி வற்புறுத்துகிறார். அங்கே அவர் தொடங்கிய கடைக்காக வீட்டின் பேரில் 8.5 சதவீத வட்டியில் 40,000 டாலர் கடன் எடுத்துக் கொடுத்தேன். இப்போது மேலும் 25,000 கேட்கிறார். வரி மிச்சத்தில் சமாளிக்கலாமா? 2024 வரிக் கணக்கின் நகலை இணைத்துள்ளேன்.

பதில்: நகலைப் பார்த்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. ராணுவ ஓய்வூதியத்துக்கான கழிவை நீங்கள் கோரவே இல்லை. 55 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை நம்பி விட்டுவிட்டீர்கள் போலும். 2024 முதல் வர்ஜீனியாவில் அந்த வயது வரம்பு கிடையாது. அந்த ஆண்டுக்கு 30,000 டாலர் வரையிலும், 2025 முதல் 40,000 டாலர் வரையிலும் கழித்துக்கொள்ளலாம். வர்ஜீனியாவின் உச்ச வருமான வரி விகிதமான 5.75 சதவீதத்தில் கணக்கிட்டால் 2024-க்கு மட்டும் சுமார் 1,725 டாலர் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். கணக்கு தாக்கல் செய்யும் கெடு நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் திருத்திய கணக்கைக் கொடுக்கலாம் என்பதால், ஓய்வூதியத் தொகையைக் காட்டும் 1099-ஆர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இந்த வாரமே அதை முடித்துவிடுங்கள்.

இனி உங்கள் ஓய்வூதியத்துக்கு வர்ஜீனியாவில் மாநில வரி பூஜ்யம், டெக்சஸிலும் பூஜ்யம்தான். மத்திய வரி எங்கே போனாலும் உண்டு. இடம் மாறினால் மிச்சமாவது சம்பளத்தின் மீதான மாநில வரி மட்டுமே. மனைவியோடு சேர்ந்து தாக்கல் செய்யும் கூட்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 2,700 டாலர். ஆனால் இப்போது உங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு 3,400 டாலர் அளவில் இருக்கும் சொத்து வரி, அதே விலையுள்ள சான் அன்டோனியோ வீட்டுக்கு விலக்குகள் போக 6,000 டாலரை நெருங்கும். டெக்சஸில் சொத்து வரியில் முழு விலக்கு 100 சதவீத உடல் பாதிப்பு மதிப்பீடு பெற்ற முன்னாள் படைவீரர்களுக்கே உண்டு. உங்கள் 30 சதவீதத்துக்கு வீட்டு மதிப்பில் 7,500 டாலரைத்தான் கழிப்பார்கள். வரியில் அது 150 டாலர் அளவுக்கே வரும். ஆகவே மிச்சம் என்று சொல்லப்படுவது, வீட்டை விற்கும் தரகுக் கூலிக்கே காணாது.

உங்களை உண்மையில் அரிப்பது மைத்துனருக்காக வீட்டை ஈடு வைக்கும் பழக்கம். அந்த 40,000 டாலருக்கு ஆண்டு வட்டி மட்டும் 3,400 டாலர். வீட்டைச் சீரமைக்க எடுத்த கடனாக இல்லாததால், மத்திய வரியில் அந்த வட்டியைக் கழிக்கவும் முடியாது. இத்தனை ஆண்டுக் கடல் வாழ்க்கையில் சேர்த்த வீடு, நீங்கள் கணக்குப் புத்தகத்தையே பார்த்திராத ஒரு கடைக்குப் பிணையாக நிற்கிறது. இந்த நேரத்தில், பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைத்து ‘வரியில்லா ஓய்வூதியம்’ என்று விற்கப்படும் ஆயுள் காப்பீட்டோடு யாராவது வந்தால், தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள். ஆயுள் முழுவதும் வரும் ஓய்வூதியம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

25,000 டாலர் இல்லை என்று மனைவியையும் உடன் வைத்துக்கொண்டு சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்த பணத்துக்கான மாத வட்டி 283 டாலரை அடுத்த மாதம் முதல் அவரே நேரடியாக வங்கியில் கட்டட்டும். திரும்பி வரும் 1,725 டாலரை அந்தக் கடனின் அசலில் செலுத்துங்கள்.