சியோங்னு, ஹ்யுங்னோ, கியோடோ, ஹுன்னு: நான்கும் ஒரே இனத்தின் பெயரா?

ஆமாம், ஒரே இனம்தான்: பழங்காலத்தில் சீனாவுக்கு வடக்கே புல்வெளிகளில் வாழ்ந்த நாடோடிகள். கொரியத் தொடரோ ஜப்பானிய ஆவணப்படமோ பார்த்துவிட்டு இணையத்தில் தேடிக் குழம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சீனர்கள் இரண்டு எழுத்துகளில் எழுதிய பெயர் அது. அதே எழுத்துகளை மாண்டரினில் சியோங்னு, கொரியாவில் ஹ்யுங்னோ, வியட்நாமில் ஹுங் நோ, ஜப்பானில் கியோடோ என்று வாசிக்கிறார்கள். மங்கோலியர்களுக்கு ஹுன்னு. தங்கள் முதல் அரசு அதுதான் என்று 2011-இல் 2220-ஆவது ஆண்டு விழாவே எடுத்தார்கள்.

இந்தக் கேள்விக்கு நான் ஓடிவந்து பதில் எழுதக் காரணம் அந்த ஜப்பானிய வாசிப்பு. நான் ஜப்பானிய மொழியிலிருந்து வசன வரிகள் மொழிபெயர்க்கிறவன். சீனாவை ஆண்ட ஹான் வம்சம் பற்றிய ஒரு படத்தில், கி.மு. 200-இல் சீனப் பேரரசர் காவ்ட்சுவைப் பைடெங் என்ற இடத்தில் சியோங்னு அரசன் மோடுன் முற்றுகையிடும் காட்சி. நான் ‘சியோங்னு படை’ என்று எழுதி, ஒலியில் வருவது கியோடோ என்று குறிப்பும் வைத்தேன். சரிபார்த்தவர் அது எழுத்துப்பிழை என்று முடிவுகட்டி ஒரு ‘ட்’ சேர்த்துவிட்டார். திரையில் வந்தது: ‘கியோட்டோ படை பேரரசரை வளைத்தது.’ கியோட்டோ ஜப்பானிய நகரம், அது தலைநகரானதே கி.பி. 794-இல்! சொல்லிப் பார்த்தேன். பார்ப்பவர்களுக்குத் தெரிந்த பெயராக இருக்கட்டும் என்று பதில் வந்தது.

இந்தச் சியோங்னுக்களும் பிற்காலத்தில் ஐரோப்பாவைத் தாக்கிய ஹூணர்களும் ஒன்றா என்று அடுத்து யாராவது சண்டைக்கு வருவார்கள். ரத்தம் ஒன்று என்று நான் சொல்லவில்லை, பெயரைப் பற்றித்தான் பேசுகிறேன். கி.பி. 311-இல் சீனத் தலைநகர் லுவோயாங்கைச் சூறையாடியவர்களைச் சீன நூல்கள் சியோங்னு என்கின்றன. கொஞ்ச நாளில் மத்திய ஆசியாவைச் சேர்ந்த ஒரு சோக்திய வணிகர் எழுதிய கடிதம் அவர்களையே ‘ஹூன்’ என்கிறது. மேற்குச் சீனாவில் துன்ஹுவாங் அருகே கிடைத்த கடிதம் அது. பெயர்த் தொடர்புக்கு இதைவிட நேரடிச் சான்று என்ன வேண்டும்?

தமிழில் எழுதினால் சியோங்னு என்றே எழுதுங்கள், முதல் இடத்தில் மட்டும் மற்ற வாசிப்புகளைச் சொல்லிவிடுங்கள். அப்புறம், மொழியே தெரியாதவர் கையில் கடைசித் திருத்தத்தைக் கொடுக்கிற இந்த வழக்கம் எப்போது மாறும்? சொல்லுக்கு இத்தனை பைசா என்று கணக்குப் பார்ப்பவர்கள், திருத்தியதை ஒருமுறை எங்களிடம் காட்டினால் என்ன?