ஆமைக்குஞ்சுக்குக் கூண்டா, கிளுவை வேலியா?

கேள்வி: ஐயா, மூலனூர் பக்கத்தில் எங்களுக்கு ஆறு ஏக்கர் காடு. இரண்டு ஏக்கரில் முருங்கை, மீதியில் சோளத்தட்டும் மேய்ச்சலும். ஐப்பசி மழை விட்ட மறுநாள் வரப்போரம் களை எடுத்த பெண்கள் நான்கு ஆமைக்குஞ்சுகளைப் பார்த்தார்கள். எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும், ஓடு மஞ்சளும் கறுப்புமாக இருக்கிறது. ஒன்றைக் காக்கை தூக்கிப்போய்விட்டது. மற்ற மூன்றையும் பையன் வீட்டுக்கு எடுத்துவந்து பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறான். சோறும் தக்காளியும் போடுகிறோம், சரியாகத் தின்னவில்லை. ஒன்று கண்ணைத் திறக்காமலே கிடக்கிறது. மொட்டைமாடியில் நான்கடிக்கு நான்கடி கம்பிவலைக் கூண்டு அடிக்கலாம் என்று இருக்கிறேன். என்ன வலை, அடியில் மணலா ஜல்லியா, என்ன தீனி? தாராபுரத்தில் மீன்தொட்டிக் கடைக்காரர் கண்ணாடித் தொட்டி, விளக்கு, ஆமைத் தீவனம் எல்லாம் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அம்மா திட்டுகிறார். ஆமை இருந்தால் பணம் சேரும், வேண்டாமென்றால் நல்ல விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு தரகர் வந்து நிற்கிறார். போன கோடையில் கிழக்கிலும் தெற்கிலும் பழைய கிளுவை முள்செடி வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போட்டு, வரப்புக்குக் களைக்கொல்லி அடித்துச் சுத்தமாக வைத்திருக்கிறோம். அதனால்தான் இந்தக் குஞ்சுகள் கண்ணில் பட்டன.

பதில்: முதலில் அந்தத் தொட்டியில் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். நீங்கள் சொல்லும் நிறமும் கிடைத்த இடமும் நட்சத்திர ஆமையைத்தான் காட்டுகின்றன. சந்தேகம் இருந்தால் காலைப் பாருங்கள். விரலுக்கு நடுவே சவ்வு இல்லாமல், யானைக்கால் மாதிரி உருண்டு நின்றால் அது தரையில் வாழும் ஆமை, நீந்தத் தெரியாதது. தண்ணீரிலேயே கிடந்தால் குளிர்ந்துபோய்ச் சளி பிடிக்கும், நுரையீரல் கெடும், கவனிக்காவிட்டால் மூழ்கியும் சாகும். கண்ணைத் திறக்காத குஞ்சு அநேகமாக அந்த நிலையில்தான் இருக்கிறது.

அடுத்த வேலை, உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்வது. எங்கே, எப்போது, எத்தனை கிடைத்தன என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. பிடித்து வைத்திருந்தாலும் விற்றாலும் குற்றம்தான். மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. எடுத்ததை மறைத்து வைத்தால்தான் சிக்கல். அதனால் நாள் கடத்தாதீர்கள், இன்றே சொல்லுங்கள். நான்கடிக் கூண்டு எப்படி அடிப்பது என்று இங்கே எழுதப் போவதில்லை. அது உங்களைக் கேஸில் மாட்டிவிடும், குஞ்சுகளையும் காப்பாற்றாது. எந்த அளவு வலை போட்டாலும் மொட்டைமாடி வெயிலில் கவிழ்ந்த ஒரு குஞ்சு, நிமிர முடியாமல் கொஞ்ச நேரத்தில் சூடேறிச் செத்துப்போகும்.

ஆனால் வனத்துறை ஆட்கள் வரும்வரை ஓர் இரவு தாண்டலாம். அதற்கு மட்டும் ஏற்பாடு சொல்கிறேன்.

தக்காளி வருகிற மரப்பெட்டியோ அகலமான சிமெண்ட் தொட்டியோ போதும். சுவர் ஓரடி உயரம் இருக்கட்டும், வெளியே தெரியாதபடி அடைத்ததாக இருக்கட்டும். கம்பி வழியாக வெளியே தெரிந்தால் குஞ்சு அந்தப் பக்கமே முட்டி முட்டி ஓய்ந்துபோகும். அடியில் கடையில் வாங்கிய மணலோ ஜல்லியோ வேண்டாம். குஞ்சுகள் கிடைத்த வரப்பின் மண்ணையே இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். ஒரு பாதியில் தண்ணீர் தெளித்து ஈரமாக வையுங்கள், மறுபாதி காய்ந்தே இருக்கட்டும். ஈரப் பக்கத்தில் உடைந்த மண்சட்டித் துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் அதற்கடியில் புகுந்துகொள்ளும். தண்ணீருக்கு அகல் விளக்கு மாதிரி ஆழமில்லாத தட்டு, குஞ்சின் கழுத்துக்குக் கீழேயே நிற்கிற அளவு தண்ணீர். மேலே எலிவலை போட்டு நான்கு மூலையிலும் கல் வையுங்கள். காக்கை, பூனை, பெருச்சாளி மூன்றுக்கும் அது வேண்டும்.

எல்லாரும் மறந்துவிடுவது எறும்பை. பொரித்துச் சில நாளே ஆன குஞ்சின் வயிற்றுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில், கரு ஒட்டியிருந்த இடத்தில், மெல்லிய தழும்பு இருக்கும். ஓடு அங்கே இன்னும் இறுகியிருக்காது. எறும்பு மொய்த்தால் அங்கேதான் மொய்க்கும், கண்ணையும் விடாது. அதனால் பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு முக்காலியில் வைத்து, முக்காலியின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள்.

தீனியைப் பற்றிக் கவலையே வேண்டாம். முட்டையின் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குஞ்சு வெளியே வரும். அதை வைத்தே சில நாள் ஓடும். சோறு, பால், முட்டை எதுவும் கொடுக்காதீர்கள். இளம் அறுகு, மூக்கிரட்டை இலை கொஞ்சம் போட்டால் தின்றாலும் தின்னும். கடைக்காரர் காட்டும் குருணைத் தீவனம் நீர் ஆமைகளுக்காகச் செய்தது, புரதம் மிகுந்தது. தழை தின்னும் தரை ஆமைக்கு அதைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும். வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் ஈரமும் இல்லாத கண்ணாடித் தொட்டியில் வளர்ந்த ஆமையின் ஓடு மேடு மேடாகக் கோணிப்போவதைப் பார்த்திருக்கிறேன், பிறகு அதை நிமிர்த்தவே முடியாது. ஆமைக்கு என்ன தேவை என்று தெரியாமலே ஆமையையும் தொட்டியையும் தீவனத்தையும் சேர்த்து விற்கிற கடைகள் இவை. ராசி ஆமை என்று அங்கே கிடைக்கும் சிவப்புக்காது ஆமை அமெரிக்காவிலிருந்து வந்தது. வாங்கியவர்கள் அலுத்துப்போய்க் குளத்தில் விட்டுவிடுகிறார்கள், அது நம் ஊர் நீர் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள்.

கண் திறக்காத குஞ்சைப் பெட்டிக்குள் விடும் முன், வெதுவெதுப்பான தண்ணீர் கழுத்துக்குக் கீழேயே நிற்கும்படி ஊற்றிய தட்டில், தலை மேலே இருக்கும்படி பத்து நிமிடம் நிறுத்தித் துடைத்துவிடுங்கள். வனத்துறையிடம் இந்தக் குஞ்சைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள். அவர்கள் வழியாக உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக முடியும். ஊரில் ஆட்டுக்கு ஊசி போடுகிறவரிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். ஆட்டுக்கு அடிக்கடி போடும் ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு விஷம். குடற்புழுவாக இருக்கும் என்று சொல்லி அதைப் போட்டால் கை கால் விளங்காமல் போய்ச் சாகக்கூடும்.

தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உரிமம் வாங்கித் தருகிறேன் என்று அவர் சொன்னால் அது பொய். இந்தக் குஞ்சுகள் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். காலுறையிலும் டேப்பிலும் சுற்றி, பெட்டியில் அடுக்கி, விமானத்தில் மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் கடத்துகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் எத்தனையோ முறை பிடிபட்டிருக்கிறது. இந்தியாவின் ஒரே ஒரு வணிக மையத்திலிருந்து மட்டும் ஆண்டுக்கு 55,000-க்கும் மேற்பட்ட நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடித்து அனுப்பப்படுவதாக 2015-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2019-இல் ஜெனிவாவில் நடந்த வன உயிரின வணிகம் பற்றிய மாநாட்டில் உலக அளவிலான வணிகத்தையே தடை செய்யும் பட்டியலுக்கு இதை ஏற்றினார்கள். பிடிபட்டவற்றைத் திரும்ப விடுவதும் எளிதல்ல, எந்த ஊர்க் காட்டிலிருந்து பிடித்தது என்றே தெரியாது. உங்கள் குஞ்சுகளுக்கு அந்தக் குறை இல்லை. எந்த வரப்பு என்று நமக்குத் தெரியும்.

ஆகவே வனத்துறை ஆட்களிடம், இதே வரப்பில்தான் கிடைத்தது, இங்கேயே விடலாமா என்று நீங்களே கேளுங்கள். நல்ல குஞ்சுகளுக்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் முள்ளுக்கடியில் விட வேண்டும். புண்ணியம் என்று நினைத்துக் கோயில் குளத்திலோ அமராவதி ஆற்றிலோ விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தரை ஆமையைத் தண்ணீரில் விடுவது அதைக் கொல்வதுதான்.

எந்த முள்ளுக்கடியில் விடுவது? இதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். சுத்தமாக வைத்திருப்பதால் குஞ்சுகள் கண்ணில் பட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கண்ணில் பட்டதால்தான் காக்கையின் கண்ணிலும் பட்டன. இந்த ஊர்க் காட்டில் பிறந்த குஞ்சு, வேலி இருந்தவரை யார் கண்ணிலும் படாமல்தான் வளர்ந்திருக்கும்.

தாய் ஆமை காய்ந்த மண்ணைத் தன் சிறுநீராலேயே நனைத்து இளக்கி, பின்னங்காலால் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். அதன் பிறகு குஞ்சுகளைத் திரும்பிப் பார்க்காது. முட்டை பொரிய இரண்டு மாதமும் ஆகும், ஆறு மாதமும் ஆகும். மழை விழுந்து மண் இளகியதும் குஞ்சுகள் மேலே வரும். வந்த முதல் சில மாதங்களுக்கு அவற்றுக்கு வேண்டியது ஒன்றுதான்: காக்கையும் கீரியும் நாயும் நுழைய முடியாத, நிழலும் ஈரமும் தழையும் இருக்கிற ஒரு மறைப்பு. கிளுவை வேலியின் அடி அப்படிப்பட்ட இடம். மேலே முள், கீழே சருகு, சருகுக்கடியில் உச்சி வெயிலிலும் குளிர்ந்த மண், ஓரத்தில் அறுகும் மூக்கிரட்டையும் கோவைக்கொடியும். நீங்கள் கேட்ட பாதுகாப்பான கூண்டு உங்கள் காட்டைச் சுற்றிலும் தாத்தா காலத்திலிருந்தே இருந்தது. அதில் இரண்டு பக்கத்தைக் காசு கொடுத்துப் பிடுங்கியிருக்கிறீர்கள்.

இதைக் கோபமாகச் சொல்வதாக நினைக்காதீர்கள், எனக்கு இதில் வருத்தம்தான் அதிகம். காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கத்துக் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலமே கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல் மூன்றும் சேர்ந்தது. காங்கேயம் மாடு இந்த வேலிக்குள் வளர்ந்த மாடு. வேலி காற்றைத் தடுக்கும், மழைத் தண்ணீர் மண்ணை அரித்துப்போகாமல் பிடிக்கும், வெட்டி விட்ட தழையை ஆடு தின்னும், துருப்பிடிக்காது, தானாகவே தடித்துக்கொண்டு போகும். இத்தனையையும் விட்டுவிட்டு, பத்து வருடத்தில் துருவேறித் தொங்கப்போகிற கம்பியை நவீனம் என்று சொல்லி விற்கிறார்கள். விற்கிறவருக்குக் கல்தூணிலும் கம்பியிலும் வரும்படி உண்டு. கிளுவைப் போத்தில், அதாவது நடுவதற்கு வெட்டும் கிளையில், யாருக்கும் கமிஷன் கிடையாது, அதனால் அதைப் பற்றி யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை. வேலியில் பாம்பு அடையும் என்பீர்கள். அடையட்டும். உங்கள் சோளத்தை எலி தின்னாமல் பார்ப்பது அதுதான்.

களைக்கொல்லியையும் வரப்பில் நிறுத்துங்கள். பயிருக்குள் களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. வரப்பு என்ன செய்தது? கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களைத் தவிர வேறு யாரும் அடிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆணை போட்டது. மருந்துக்கடையில் அதைச் சொல்லாமலே எடுத்துக் கொடுக்கிறார்கள். வரப்புப் புல் கருகினால் மண் அரிக்கும், ஆட்டுக்குத் தீனி போகும், ஆமைக்குச் சோறும் கூரையும் ஒரே நாளில் போகும். புல் உயர்ந்தால் அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். கோடையில் வரப்புக்குத் தீ வைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

போட்ட கம்பியைப் பிடுங்கச் சொல்லவில்லை, அது இருக்கட்டும். முப்பது அடிக்கு ஓரிடத்தில், தரையை ஒட்டி ஓரடி அகலம், முக்கால் அடி உயரத்துக்கு வலையை வெட்டி, முனைகளை மடக்கிவிடுங்கள். பெரிய ஆமை போய்வர அது போதும், ஆடு தாண்டாது. எப்போதாவது சோலார் மின்வேலி போடும் எண்ணம் வந்தால், கீழ்க்கம்பி தரையிலிருந்து ஓரடிக்கு மேலே இருக்கட்டும். மற்ற விலங்குகள் ஷாக் அடித்தால் பின்வாங்கி ஓடிவிடும். ஆமை அங்கேயே ஓட்டுக்குள் சுருங்கி உட்கார்ந்துகொள்ளும், சாகும்வரை திரும்பத் திரும்ப ஷாக் வாங்கும். பண்ணைக்குட்டை இருந்து அதற்குப் பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தால், ஒரு மூலையில் பழைய மீன்வலையோ முடிச்சுப் போட்ட கயிறோ தண்ணீர் வரை தொங்கவிடுங்கள். வழுக்கி விழுந்தது எதுவானாலும் பற்றி ஏற ஒரு பிடி வேண்டும்.

கம்பியின் உட்பக்கமாகவே கிளுவையை மறுபடி நடலாம். வடக்கிலும் மேற்கிலும் பழைய வேலி மிச்சம் இருக்கிறது அல்லவா, போத்துக்கு வெளியே அலைய வேண்டாம். கோடைமழைக்கு முன், இலை உதிர்ந்து நிற்கும்போது, கட்டைவிரல் தடிமனுக்குக் குறையாத கிளைகளை நான்கடி நீளத்தில் வெட்டி, பால் காய நிழலில் போட்டுவைத்து, முக்கால் அடி ஆழத்தில் சாணுக்கு ஒன்றாக இரட்டை வரிசையில் நடுங்கள். நட்ட வருடம் ஆடு கடிக்காமல் கம்பி பார்த்துக்கொள்ளும், கம்பிக்கு அந்த வேலையாவது இருக்கட்டும். வெளியில் வாங்கினால் மட்டும் முள் இருக்கிறதா என்று பாருங்கள். மாங்கிளுவையைக் கிளுவை என்று கொடுத்துவிடுவார்கள், அதில் முள் கிடையாது, மரமாக உயர்ந்துவிடும், அடியில் ஒரு கோழிக்குஞ்சுகூட ஒளிய முடியாது.

கிளுவை அடைய இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை கிழக்கு வரப்பிலும் தெற்கு வரப்பிலும் வெட்டிய வேலங்கிளைகளை அங்கங்கே குவியலாகப் போட்டுவையுங்கள். குஞ்சுகளை விடும் சாயங்காலத்துக்குள் ஒரு குவியலாவது போட்டிருக்க வேண்டும். முதல் ஆளாகக் காக்கை வந்து நிற்கும்.