ஹோம் தியேட்டர் கேள்வி-பதில்: ரிசீவருக்குள் என்ன வருகிறது?

கேள்வி: டிவியிலிருந்து ரிசீவருக்கு (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) ஆப்டிக்கல் கேபிள் போட்டிருக்கிறேன். நெட்ஃபிளிக்ஸில் படத்தின் பெயருக்குக் கீழே 5.1 என்று இருக்கிறது. ரிசீவரோ 'பிசிஎம்' என்றே காட்டுகிறது. டிகோடர் (சுருக்கிய ஒலியைப் பிரித்தெடுக்கும் பகுதி) பழுதா?

பழுதில்லை. டிவி அனுப்புவதே 2 சேனல் பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி), அதைத்தான் ரிசீவர் காட்டுகிறது. டிவியின் சவுண்ட் மெனுவில் 'டிஜிட்டல் அவுட்புட்' என்று இருப்பதை பிசிஎம்மிலிருந்து 'ஆட்டோ' அல்லது 'டால்பி டிஜிட்டல்' என்று மாற்றுங்கள். நெட்ஃபிளிக்ஸ் 5.1-ஐ (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் என 6 சேனல் ஒலி) டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கு முறையில் தருகிறது. ஆப்டிக்கலில் அது போகாது; டிவி அதைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். 'பாஸ் த்ரூ' என்று வைத்தால் சில டிவிகள் மாற்றாமல் விட்டுவிடும், சத்தமே வராது. டிவியிலும் ரிசீவரிலும் ஏஆர்சி (டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்கு அனுப்பும் வசதி) இருந்தால் ஆப்டிக்கலைக் கழற்றிவிட்டு ஹெச்டிஎம்ஐ போடுங்கள்.

கேள்வி: புளூ-ரே டிஸ்க்கின் அட்டையில் ட்ரூஹெச்டி (டால்பியின் தரம் குறையாத ஒலி) என்று போட்டிருக்கிறது. ரிசீவரில் வெறும் 'டால்பி டிஜிட்டல்' வருகிறது.

பிளேயர் மெனுவில் 'செகண்டரி ஆடியோ' அல்லது 'பிடி ஆடியோ மிக்ஸ்' என்று ஒன்று இருக்கும். அணைத்துவிடுங்கள். மெனு பட்டன் ஒலியையும் படத்தின் ஒலியோடு கலந்து அனுப்புவதற்காக பிளேயர் தரத்தைக் குறைக்கிறது. அதன் பிறகும் மாறவில்லை என்றால் நீங்கள் ஆப்டிக்கலில் இணைத்திருக்கலாம். ட்ரூஹெச்டிக்கு ஹெச்டிஎம்ஐ கட்டாயம்.

கேள்வி: பிளேயரில் பிட்ஸ்ட்ரீம் நல்லதா, பிசிஎம் நல்லதா?

பிசிஎம் என்றால் பிளேயர் டிகோட் செய்யும், பிட்ஸ்ட்ரீம் என்றால் ரிசீவர்; அது மட்டுமே வித்தியாசம், ஒலித்தரம் ஒன்றுதான். அட்மாஸ், டிடிஎஸ்:எக்ஸ் (மேலிருந்தும் ஒலி வரும் முறைகள்) வேண்டுமென்றால் பிட்ஸ்ட்ரீம். பிசிஎம்மாக மாற்றினால் மேலே ஒலிக்க வேண்டியவற்றின் இடக்குறிப்பு தொலைந்துவிடும்.

கேள்வி: 'டிடிஎஸ், டால்பி, பிரோ லாஜிக்' என்று எழுதிய 5.1 ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். போனிலிருந்து ஆக்ஸ் கேபிளில் 5.1 பாட்டு போட்டால் எல்லா ஸ்பீக்கரும் பாடுகின்றன. ஆனால் தனித்தனியாகப் பிரிந்து வரவில்லை.

பிரியாது. போனே 6 சேனலையும் இரண்டாகச் சுருக்கித்தான் ஆக்ஸில் அனுப்புகிறது. சிவப்பு-வெள்ளை ஒயரில் டால்பி டிஜிட்டலையோ டிடிஎஸ்ஸையோ அனுப்பவே முடியாது. பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். ஆப்டிக்கல், கோஆக்சியல், ஹெச்டிஎம்ஐ மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால், முகப்பில் எந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் டிஜிட்டல் டிகோடர் கிடையாது.

பிரோ லாஜிக் (2 சேனலிலிருந்து சரவுண்டைப் பிரித்தெடுக்கும் டால்பி முறை) போர்டு என்று விற்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் நாலைந்து 4558 ஐசிதான் (ஒலியைக் கூட்டவும் கழிக்கவும் உதவும் சாதாரண சிப்) இருக்கும். இடதையும் வலதையும் கூட்டி சென்டருக்கும், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பின் ஸ்பீக்கருக்கும் அனுப்பும். பேஸை மட்டும் வடிகட்டி சப்வூஃபருக்கு. அவ்வளவுதான் அதன் வேலை. இப்படிப் பிரித்தால் பக்கத்துப் பக்கத்து சேனல்களுக்கு இடையே 3 டெசிபல் வித்தியாசம்தான் கிடைக்கும். அசல் பிரோ லாஜிக்கில், எந்தப் பக்கத்து ஒலி ஓங்குகிறது என்று நொடிக்கு நொடி கவனித்து மற்ற சேனல்களிலிருந்து அதை நீக்கும் பகுதி தனியாக உண்டு. அதில்தான் விஷயமே இருக்கிறது. அது இல்லாத போர்டுக்கு அந்தப் பெயரை வைத்து விற்பது ஏமாற்று. வாங்குபவர்களும் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை.

சோதிக்க ஒரு வழி: ஒவ்வொரு சேனலின் பெயரையும் சொல்லும் 5.1 டெஸ்ட் ஃபைலைப் போடுங்கள். 'ஃபிரண்ட் லெஃப்ட்' என்ற குரல் இடது ஸ்பீக்கரில் மட்டும் வர வேண்டும். சென்டரிலும் பின்னாலும் சேர்ந்து வந்தால் அது கூட்டல் கழித்தல் போர்டு. அடுத்து ஒரு பழைய மோனோ பாட்டு. இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்பதால் கழித்தால் மிச்சமில்லை, பின் ஸ்பீக்கர்கள் அடங்கிவிடும். அதைப் பார்த்து ஸ்பீக்கர் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். அசல் பிரோ லாஜிக்கிலும் மோனோ பாட்டுக்கு அப்படித்தான்.

நல்ல ரிசீவர் வைத்திருப்பவர்களும் 'ஆல் சேனல் ஸ்டீரியோ'வில் போட்டுவிட்டு சரவுண்ட் என்று நம்புகிறார்கள். அது ஒரே ஒலியை எல்லா ஸ்பீக்கருக்கும் நகல் எடுத்து அனுப்பும் மோட். வீட்டு விசேஷத்துக்குச் சரி, படத்துக்குக் கூடாது. ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தி உள்ளே வரும் சிக்னல் என்னவென்று பாருங்கள். டால்பி அல்லது டிடிஎஸ் என்றால் 'டைரக்ட்' அல்லது 'ஆட்டோ'. 2 சேனல் என்றால் பிரோ லாஜிக் 2 அல்லது, புது ரிசீவராக இருந்தால், 'டால்பி சரவுண்ட்'.

கேள்வி: படத்தில் சப்வூஃபர் அதிர்கிறது, பாட்டில் மௌனம்.

முன் ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்' என்று செட் ஆகியிருக்கும், அதனால் பாட்டின் பேஸ் முழுவதும் அவற்றுக்கே போகிறது. படத்தின் 5.1-இல் சப்வூஃபருக்கென்றே தனி சேனல் உண்டு, ஸ்டீரியோ பாட்டில் கிடையாது. 'ஸ்மால்' என்று மாற்றி கிராஸ்ஓவரை (இதற்குக் கீழுள்ள பேஸ் சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் என்றால் 120. சப்வூஃபரின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் குமிழைக் கடைசி வரை திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை வடிகட்டும்.

கேள்வி: வசனம் கேட்கவில்லை, சண்டைக் காட்சி காதைக் கிழிக்கிறது.

சென்டரை 2, 3 டெசிபல் கூட்டுங்கள். இரவில் 'டைனமிக் ரேஞ்ச்' அல்லது 'நைட் மோட்' போடுங்கள். சென்டர் ஸ்பீக்கரே இல்லாதவர்கள் செட்டிங்கில் சென்டரை 'நன்' (இல்லை) என்று வைக்க வேண்டும். இல்லையென்றால் இல்லாத ஸ்பீக்கருக்கே வசனம் போகும். அதற்கு முன் இன்ஃபோ பட்டனை அழுத்தி சிக்னலைப் பாருங்கள்.

கேள்வி: என் ஹோம் தியேட்டரில் எஃபெக்ட் வரவில்லை. என்ன செய்யலாம்?

எந்த ரிசீவர், எந்தக் கேபிள், எதிலிருந்து எதற்கு, டிஸ்ப்ளேயில் என்ன வருகிறது, ஒன்றுமே எழுதவில்லை. இந்த நான்கும் இல்லாத கேள்விக்குப் பதில் கிடையாது. இன்ஃபோ பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 5.1. அட்மாஸ் படம் போட்டால் ஏதாவது ஒலி விட்டுப்போகுமா?

எதுவும் விட்டுப்போகாது. மேலே வர வேண்டிய ஒலி இருக்கிற ஸ்பீக்கர்களில் சேர்ந்து வரும். உயரம் வேண்டுமென்றால் உயரத்துக்கென்று தனியாக 2 ஸ்பீக்கராவது வேண்டும். அதற்கு அட்மாஸ் டிகோட் செய்யும் 7 சேனல் ரிசீவர் தேவை, பழைய 5.1 ரிசீவரில் ஒயரைப் பிரித்து இரண்டு ஸ்பீக்கரைச் சேர்க்காதீர்கள். ஓம்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை) பாதியாகி ஆம்ப் சூடேறி அணையும், சில சமயம் அவுட்புட் டிரான்சிஸ்டரே போய்விடும்.