ஒட்டுக்கடை மேசைக்கு ஒரு படம் போதும்

கேள்வி: பீடோங்கில் வாடகை வீட்டில் தங்கி உயிர்மருத்துவ அறிவியலில் பிஎச்டி செய்கிறேன். நாங்கள் ஆறு பேர் சனிக்கிழமை மாலையில் ஒட்டுக்கடையில் கூடுவோம். வாரம் ஒருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையை விளக்குவார். இரண்டே மாதத்தில் நான்கு பேராகிவிட்டோம். வருகிறவர்களும் வாய் திறப்பதில்லை. ஜர்னல் கிளப்பை நிறுத்திவிடலாமா, டாக்டர்?

பதில்: நிறுத்தாதீர்கள். உங்கள் நண்பர்களுக்கு அக்கறை இல்லாமல் போகவில்லை. ஒருவர் இரண்டு இரவு கண்விழித்துத் தயாரித்துப் பேச, மற்றவர்கள் படிக்காமல் வந்து உட்கார்ந்தால் அது வகுப்பாகிவிடுகிறது. வகுப்பில் தெரியாததைக் காட்டிக்கொள்ள யாருக்கும் கூச்சம்தான்.

ஒட்டுக்கடையில் கூடுவது மதிப்புக் குறைவு என்றும் நினைக்காதீர்கள். 1830களில் லண்டன் மருத்துவ மாணவர்கள் மருத்துவமனை வாசலருகே ஒரு ரொட்டிக்கடையின் மாடியறையில் உட்கார்ந்துதான் சஞ்சிகைகளைப் படித்தார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் பேஜட் அதைத் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். மருத்துவர் வில்லியம் ஓஸ்லர் 1875இல் மாண்ட்ரியலில் கிளப் தொடங்கியது, தனியாளாக வாங்க முடியாத சஞ்சிகைகளைக் கூட்டாக வாங்குவதற்காக.

இனி முழுக் கட்டுரை வேண்டாம். ஒரே ஒரு படத்தை எடுத்து, அதன் விளக்கக் குறிப்பையும் செய்முறைப் பகுதியையும் மட்டும் புலனத்தில் அனுப்புங்கள். தலைப்பையும் சுருக்கத்தையும் மறைத்துவிடுங்கள். ஆசிரியர்களின் முடிவைப் படித்துவிட்டால் கண் அதையேதான் தேடும். கூடியதும் பத்து நிமிடம் எல்லோரும் பேசாமல் பாருங்கள். பிறகு ஆளுக்கொன்றாக, தனக்கு விளங்காததைச் சொல்லட்டும். புதிதாகச் சேர்ந்தவரிடமிருந்து தொடங்குங்கள். இறுதியாண்டு அண்ணன் முதலில் பேசிவிட்டால் தங்கச்சிமார் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

படத்தில் முதலில் எண்ணிக்கையைத் தேடுங்கள். மூன்று எலிகளில் எலிக்கு இருபது செல் எண்ணிவிட்டு ‘அறுபது’ என்று போட்டிருந்தால், சிகிச்சை எலிக்குத்தானே கொடுக்கப்பட்டது? அங்கே மாதிரி மூன்றுதான். அடுத்து எரர் பார், அதாவது சராசரிக்கு மேலும் கீழும் போடும் கோடு. அது எஸ்டியா (அளவுகளின் சிதறல்), எஸ்இஎம்மா (சராசரியின் நிச்சயமின்மை)? மாதிரி ஒன்பது என்றால் எஸ்இஎம் எஸ்டியில் மூன்றில் ஒரு பங்குதான். அளவுகள் எவ்வளவு சிதறிக் கிடந்தாலும் கோடு குட்டையாகத் தெரியும். இந்த இரண்டு கேள்வியிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஓடட்டும்.

முதல் கட்டுரையாக 2004இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் வந்த நோலெசி மலேரியா ஆய்வை எடுங்கள். பல்பீர் சிங் குழுவினர் சரவாக்கின் காப்பிட் பகுதியில் செய்தது. நுண்ணோக்கியில் ‘மலேரியே’ வகை என்று தெரிந்த கிருமி, அந்த வகைக்கான பிசிஆர் என்ற மரபணுச் சோதனையில் தெரியவில்லை. இந்த இடத்தில் கட்டுரையை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள்: தவறு பிரைமரிலா (பிசிஆரில் கிருமியின் மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சிறு துண்டு), ஸ்லைடு பார்த்த கண்ணிலா, கிருமியே வேறா? நீங்களாக இருந்தால் அடுத்து என்ன சோதனை செய்வீர்கள்? எல்லோரும் சொன்ன பிறகு திறந்து பாருங்கள். அவர்கள் மரபணு வரிசையைப் படித்து, நோலெசிக்கென்றே பிரைமர் வடிவமைத்தார்கள். மலேரியா கண்ட 208 பேரில் 120 பேரிடம், குரங்குகளிடம் இருக்கும் அந்தக் கிருமி கிடைத்தது. செம்பனை ஓரத்தில் குரங்குக் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எங்கோ நடந்த கதையாகத் தோன்றாது.

பேச்சு தமிழிலேயே இருக்கட்டும். விளங்கவில்லை என்று தயங்காமல் சொல்ல வருவது வீட்டு மொழியில்தான். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் ஆளுக்கொரு வாக்கியம், அந்தப் படம் எதை நிரூபிக்கிறது என்று, ஆய்வேட்டு மொழியில் சொல்லிப் பாருங்கள். வாய்மொழித் தேர்வுக்கு அது கை கொடுக்கும்.

பெயர் கூப்பிட இது பெரட்டு இல்லை. நான்கு பேர் வந்தாலே நிறைவு. சூப்பர்வைசரை எப்போதாவது அழைக்கலாம், வாராவாரம் வேண்டாம். உங்கள் ஆய்வகத்தின் வெளிவராத முடிவுகளைக் கடையில் வைத்துப் பேசவே வேண்டாம். தேர்ந்தெடுத்த கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டதா என்று பப்மெட் கட்டுரைத் தேடல் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வராமல்போன அந்த இருவருக்கும் ‘ஏன் வரவில்லை’ என்று எழுதாதீர்கள். படத்தை அனுப்பி, ‘இதில் எண்ணிக்கை எனக்கு விளங்கவில்லை, பார்த்துச் சொல்கிறீர்களா?’ என்று கேளுங்கள்.